ஒரு பழைய எக்ஸ்230, கொஞ்சம் கோர்பூட்

பிப்ரவரி 1, 2025, சனி

திங்க்பேட் எக்ஸ்230 மடிக்கணினி கைக்கு வந்துவிட்டது. 2012 மாடல், ஐவி பிரிட்ஜ் பிராசஸர், மூடியில் லேசான கீறல், பேட்டரிக்குப் பாதி உயிர். ஓபன்பிஎஸ்டி என்ற திறந்த மூல இயங்குதளத்தைப் போட்டுத் தினமும் எழுத வைத்துக்கொள்ளப் போகிறேன். அதற்கு முன்னால் மதர்போர்டில் இருக்கும் பயாஸை (இயங்குதளத்துக்கு முன் ஓடி மெஷினைக் கிளப்பும் நிரல்) எடுத்துவிட்டு, அதன் இடத்தில் திறந்த மூல நிரலான கோர்பூட்டை ஏற்ற வேண்டும்.

பழைய பயாஸிலேயே ஓபன்பிஎஸ்டி ஓடுமே என்று கேட்பார்கள். ஓடும். இடிப்பது வைஃபை. இந்த மாடலின் மூல பயாஸ் தன் பட்டியலில் உள்ள வைஃபை அட்டைகளை மட்டுமே ஏற்கும். வேறு எதைச் செருகினாலும் 1802 என்ற பிழை எண்ணோடு நின்றுவிடும். எனக்கு வேண்டியது ஏதரோஸ் ஏஆர்9280. ஓபன்பிஎஸ்டியில் அதற்குத் தனியாக ஃபர்ம்வேர் (சாதனத்துக்குள் ஓடும் நிரல்) கோப்பு எதுவும் இறக்க வேண்டாம். கூடவே வந்த இன்டெல் அட்டைக்கு இறக்கியாக வேண்டும். இயங்குதளம் என் விருப்பம், அட்டை என் காசு. இரண்டும் சேரலாமா கூடாதா என்று சிப்பில் எழுதி வைத்த ஒரு பட்டியல் முடிவு செய்வதை ஏற்க எனக்கு மனமில்லை.

பிப்ரவரி 2, ஞாயிறு

காலை முழுக்கப் படிப்பு. 1999-இல் அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் தேசிய ஆய்வகத்தில் ரான் மினிச் தொடங்கிய லினக்ஸ்பயாஸ்தான் 2008-இல் கோர்பூட் என்று பெயர் மாறியது. இன்றைக்குக் கடையில் விற்கும் குரோம்புக்குகளுக்குள் இருப்பதும் இதுதான்.

என்னைப் பிடித்து உட்கார வைத்தது அது கிளம்பும் விதம். பவர் பொத்தானை அழுத்தியதும் பிராசஸர் முதல் கட்டளையைத் தேடுவது 4 ஜிபி எல்லைக்கு 16 பைட் கீழே. பயாஸ் குடியிருக்கும் ஃபிளாஷ் சிப்பின் கடைசி 16 பைட்டுகள் அங்கேதான் வந்து உட்கார்ந்திருக்கும். அந்த நேரத்தில் ரேம் இருந்தும் இல்லாத மாதிரி. இன்னும் யாரும் அதை எழுப்பவில்லை. ரேமை எழுப்பும் நிரலுக்கோ ஓடுவதற்கு நினைவகம் வேண்டும். என்ன செய்வது? பிராசஸருக்குள் இருக்கும் கேஷ் என்ற சின்ன வேக நினைவகத்தையே தற்காலிக ரேமாக மாற்றிக்கொண்டு, அதற்குள் நின்றபடி நிஜ ரேமின் நேரக் கணக்குகளைச் சரிசெய்கிறார்கள். ஐவி பிரிட்ஜுக்கு இந்த வேலையை முன்பு மூல நிரலைக் காட்டாத ஒரு மூடிய பைனரி கோப்பு செய்துவந்தது. இப்போது அது திறந்த சி நிரல். அதைப் படித்துக்கொண்டே மதியச் சாப்பாட்டைத் தள்ளிப் போட்டேன்.

பிப்ரவரி 5, புதன்

வேலை முடிந்து சென்னையின் மின்னணுக் கடைத்தெருவான ரிட்சி தெரு. ஃபிளாஷ் சிப்பை வெளியிலிருந்து படித்து எழுத, எட்டுக்கால் சிப்பைக் கவ்வும் கிளிப் வேண்டும் என்று கடைக்காரரிடம் கேட்டேன்.

"அண்ணே, தனியா எதுக்கு? சிஎச்341ஏ புரோகிராமரோட செட்டாவே தர்றேன், எல்லாரும் இதைத்தான் வாங்குறாங்க."

சிப்பில் எழுத உதவும் அந்தப் போர்டு மலிவு, உண்மை. ஆனால் சந்தையில் கிடைக்கும் பெரும்பாலான சிஎச்341ஏ போர்டுகளில் தரவுக் கால்களில் 5 வோல்ட் வரும். எக்ஸ்230-இன் ஃபிளாஷ் சிப்புகள் 3.3 வோல்ட்காரர்கள். கிளிப்பும் ராஸ்பெரி பை பிகோ என்ற குட்டி மைக்ரோகண்ட்ரோலர் போர்டும் வாங்கினேன். பிகோவின் தரவுக் கால்கள் எல்லாமே 3.3 வோல்ட், செர்ப்ரோக் நிரலை அதில் ஏற்றினால், சிப்பைப் படித்து எழுதும் ஃப்ளாஷ்ரோம் கருவி அதோடு நேராகப் பேசும்.

பிப்ரவரி 8, சனி

பிரிக்கும் முன் ஒரு வேலை: மூல பயாஸை அதன் கடைசிப் பதிப்புக்கு ஏற்றினேன். விசைப்பலகை, பேட்டரி, மின்விசிறியைப் பார்த்துக்கொள்ளும் குட்டிக் கட்டுப்பாட்டுச் சிப்பின் ஃபர்ம்வேரும் அதோடு சேர்ந்துதான் புதுப்பிக்கப்படும். கோர்பூட் அதைத் தொடாது.

பிறகு பேட்டரி, சார்ஜர், உள்ளே இருக்கும் காசு வடிவக் குட்டி பேட்டரி மூன்றையும் கழற்றினேன். விசைப்பலகையையும் கை வைக்கும் பகுதியையும் எடுத்து, கறுப்புத் தாளை விலக்கினால் சிப்புகள் தெரிகின்றன. அக்கா மகன் டார்ச் பிடித்தான்.

"மாமா, இத்துனூண்டு சிப்புலயா முழு பயாஸும் இருக்கு?"

"ரெண்டு சிப்புலடா. திரைப் பக்கம் இருக்கறது 4 எம்பி, இந்தப் பக்கம் 8 எம்பி. ரெண்டையும் சேர்த்து 12 எம்பின்னு கம்ப்யூட்டர் பாக்கும்."

சிப்பின் மூலையில் உள்ள புள்ளிதான் முதல் கால். கிளிப்பின் சிவப்பு ஒயரை அந்தப் பக்கம் வைத்துக் கவ்வினோம். ஒரே அடையாளத்துக்கு மூன்று சிப் பெயர்களைக் காட்டி எது என்று ஃப்ளாஷ்ரோம் கேட்டது. டார்ச் வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடித்து முதுகில் இருந்த எழுத்தைப் படித்தோம்: எம்எக்ஸ்25எல்3206இ. அதைச் சொன்னதும் படிக்கத் தொடங்கியது.

மறுபடியும் படித்து, இரண்டு நகல்களையும் செக்சம் (கோப்பின் கைரேகை மாதிரியான எண்) போட்டு ஒப்பிட்டேன். பொருந்தவில்லை. ஒயர்கள் நீளம், வேகம் அதிகம். குட்டை ஒயர் மாற்றி, வேகத்தைக் குறைத்து, அடுத்தடுத்துப் படித்த கோப்புகள் ஒன்றுக்கொன்று அச்சாகப் பொருந்தும்வரை விடவில்லை. இந்த நகல்தான் உயிர்நாடி. இது கையில் இருந்தால் என்ன ஆனாலும் பழைய நிலைக்குத் திரும்பலாம். வெவ்வேறு இடங்களில் சேமித்த பிறகுதான் எழுந்தேன்.

பிப்ரவரி 9, ஞாயிறு

கோர்பூட் தனக்கான கம்பைலரை (நிரலை மெஷின் மொழிக்கு மாற்றும் கருவி) தானே கட்டிக்கொள்ளும். மேசைக் கணினி மூச்சு வாங்கியது.

அதற்குள் நகலை ஐஎஃப்டிடூல் என்ற கோர்பூட் கருவி கொண்டு பகுதி பகுதியாகப் பிரித்தேன். ஈதர்நெட் பகுதி வெறும் 8 கேபி, ஆனால் இந்த மெஷினின் மேக் முகவரி (நெட்வொர்க் அடையாள எண்) அதில் இருக்கிறது, அப்படியே வைத்துக்கொண்டேன். பிராசஸரைத் தாண்டித் தனியாக ஓடும் இன்டெல் மேனேஜ்மென்ட் எஞ்சினின் (எம்இ) நிரல் 5 எம்பி. அதை முழுதாக அழித்தால் இந்தத் தலைமுறை மெஷின் 30 நிமிடத்தில் தானாக அணைந்துவிடும். நிக்கோலா கோர்னாவின் எம்இ கிளீனர் தேவையான துண்டை மட்டும் விட்டு மற்றதை வெட்டுகிறது. 5 எம்பி சுமார் 100 கேபி ஆனது. அந்த 100 கேபி இன்னும் மூடிய நிரல்தான். கட்டுப்பாட்டுச் சிப்பும் அப்படியே. முழு விடுதலை கிடைத்துவிட்டது என்று நான் சொல்லமாட்டேன்.

பேலோடுக்கு, அதாவது கோர்பூட் தன் வேலையை முடித்ததும் இயங்குதளத்தைக் கிளப்பும் நிரலுக்கு, சீபயாஸ். திரையை எழுப்ப லிப்ஜிஎஃப்எக்ஸ்இனிட் என்ற நிரல் தொகுப்பு. அது ஏடா என்ற நிரல் மொழியின் ஸ்பார்க் வடிவில் எழுதப்பட்டது என்பது எனக்குத் தனி சந்தோஷம்.

பிப்ரவரி 15, சனி

12 எம்பி கோப்பை வெட்டி, முதல் 8 எம்பியைப் பெரிய சிப்பிலும் கடைசி 4 எம்பியைச் சின்ன சிப்பிலும் எழுதினேன். எழுதி முடித்துச் சரிபார்ப்பும் தேறியது. ஏதரோஸ் அட்டையைச் செருகி, பேட்டரியை மாட்டி, பொத்தானை அழுத்தினேன்.

கறுப்புத் திரை. முதல் முறை ரேமைப் பழக்கி (நேரக் கணக்குகளைப் பொருத்தி) அளவு பார்க்க நேரம் பிடிக்கும், முடிவைச் சிப்பில் குறித்துக்கொண்டால் அடுத்த முறை சட்டென்று கிளம்பும் என்று படித்திருந்தேன். படித்திருந்தும் நெஞ்சு அடித்துக்கொண்டது. சில விநாடிகள் கழித்து வெள்ளை எழுத்தில் சீபயாஸ், அதன் கீழே பூட் மெனுவுக்கு எஸ்கேப் அழுத்தச் சொல்லும் வரி. வீட்டில் எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினேன்.

பிப்ரவரி 16, ஞாயிறு

ஓபன்பிஎஸ்டி 7.6 நிறுவியாயிற்று. டிமெசேஜில் (கிளம்பும்போது இயங்குதளம் எழுதும் பதிவு) பயாஸ் வரியில் தயாரிப்பாளர் பெயர் இருக்கும் இடத்தில் கோர்பூட் என்று வருகிறது. கொஞ்சம் கீழே ஏடிஎச்என்0 என்ற பெயரில் என் வைஃபை அட்டை, ஏஆர்9280. நிறுவும்போதே வைஃபை பிடித்துக்கொண்டது. மூடியை மூடினால் தூங்குகிறது, திறந்தால் எழுகிறது.

பிப்ரவரி 22, சனி

லினக்ஸ் பென்டிரைவில் கிளப்பி, சிபிமெம் கருவியால் கோர்பூட்டின் பதிவை எடுத்துப் பார்த்தேன். இயங்குதளம் வருமுன் மெஷின் செய்த ஒவ்வொன்றும் வரிவரியாக இருக்கிறது: ரேம் பழக்கிய அளவுகள், கண்டுபிடித்த சாதனங்கள், எந்தக் கட்டத்துக்கு எவ்வளவு நேரம். எந்த வரியை எடுத்தாலும் அதை எழுதிய சி கோப்பைத் திறந்து பார்க்கலாம். இத்தனை வருடம் கணினியோடு இருந்தும் இந்தப் பகுதியை நான் பார்த்ததே இல்லை.

சிப்பின் எந்தப் பகுதியில் யார் எழுதலாம் என்று சொல்லும் டிஸ்கிரிப்டரைப் பூட்டுத் திறந்தே எழுதியதால் இனிப் பதிப்பு மாற்றக் கிளிப் தேவையில்லை. லினக்ஸ் கர்னலுக்கு ஐயோமெம் தளர்வு (வன்பொருள் நினைவகப் பகுதிகளைத் தொட விடும் அமைப்பு) சொல்லிவிட்டு உள்ளிருந்தே எழுதலாம்.

அலுவலக நண்பர் தன் திங்க்பேட் டி430-ஐ அடுத்த வாரம் கொண்டு வருகிறார். அதிலும் 8-உம் 4-உமாக இரண்டு சிப்புகள். அவருக்கு ஒன்றுதான் சொன்னேன்: முதல் நாள் நகல் எடுப்பது மட்டும், எழுதுவது இல்லை.