பஸ்ஸில் வந்த நாலு பனங்காய்

நல்லூர்த் தேர் முடிந்த கையோடு ஒவ்வொரு வருடமும் எங்கள் வீட்டுக்கு ஒரு தொலைபேசி அழைப்பு வரும். போன வெள்ளிக்கிழமை இரவும் வந்தது. மாமி, என் பிள்ளைகளின் அப்பம்மா, யாழ்ப்பாணத்துக் கைதடியிலிருந்து பேசினார். "பிள்ளை, நாலு பனங்காய் பஸ்ஸிலை போட்டு விட்டிருக்கிறன். காலமை போய் எடுங்கோ. தானாய்ப் பழுத்து விழுந்தது. கனநாள் வைச்சிருக்காதேங்கோ."

சனிக்கிழமை விடியற்காலை ஐந்து மணிக்கு மூத்தவளையும் கூட்டிக்கொண்டு கொழும்புக் காலி வீதிக்குப் போனேன். அவளுக்கு ஆறரை வயது. இரவே சொல்லி வைத்திருந்ததால் நான் எழுப்புவதற்கு முன்பே எழும்பி, செருப்பையும் போட்டுக்கொண்டு கதவடியில் நின்றாள். யாழ்ப்பாணத்து பஸ் வந்து நின்றதும் நடத்துநர் கீழ்ப்பெட்டியைத் திறந்தார். உள்ளே பத்துப் பதினைந்து பொதிகள், எல்லாம் ஒரே மாதிரி வெள்ளை உரப்பை. பெயர் எழுதிய பக்கம் எது என்று நான் குனிந்து தேடிக்கொண்டிருக்க, பிள்ளை மூக்கை முன்னுக்கு நீட்டி ஒரு பையைக் காட்டினாள். "அம்மா, அதுதான் எங்கட." சரியாகத்தான் சொன்னாள். மாமியின் எழுத்து அந்தப் பையில்தான் இருந்தது.

பனம்பழ வாசம் தெரிந்தவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. தெரியாதவர்களுக்கு எப்படிச் சொல்வது? நன்றாகப் பழுத்த மாம்பழத்தையும் பலாப்பழத்தையும் ஒரே பெட்டியில் பூட்டி வைத்து, மழை விழுந்த மண்ணுக்கு மேல் திறந்தால் வருகிற வாசம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாம் மாடிக்குப் பையைத் தூக்கிக்கொண்டு ஏறுவதற்குள் படிக்கட்டு முழுக்க அது நிறைந்துவிட்டது. கீழ் வீட்டுச் சிங்கள அன்ரி கதவைத் திறந்து, என்ன பழம் என்று கேட்டார். செய்து முடித்ததும் கொண்டு வந்து தருகிறேன் என்றேன்.

இதை இவ்வளவு சாதாரணமாகச் சொல்ல எனக்குப் பல வருடம் எடுத்தது. 1996 இல் நாங்கள் கொழும்புக்கு வந்தபோது எனக்கு எட்டு வயது. வகுப்பில் ஒரு பிள்ளை என்னைப் "பனங்கொட்டை சூப்பி" என்று கூப்பிட்டது. யாழ்ப்பாணத்தாரைக் கேலி செய்ய இங்கே பலகாலமாக இருந்த சொல் அது. அதுவரை பனங்கொட்டை சூப்புவது எனக்கு உலகத்தின் மிகப் பெரிய சந்தோஷங்களில் ஒன்று. அம்மம்மா அடுப்புத் தணலில் பனங்காயைச் சுட்டு, ஆளுக்கொரு கொட்டையைத் தும்போடு பிய்த்துக் கையில் தருவார். திண்ணையில் வரிசையாக இருந்து சூப்புவோம். முழங்கை வரை மஞ்சளாக வழியும். அன்றைக்குப் பள்ளிக்கூடம் விட்டு வந்து நான் அம்மாவிடம் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அதற்குப் பிறகு பனங்காய் என்ற சொல்லையே வெளியில் வாய்விட்டுச் சொல்லாமல் விட்டேன். அந்தக் காலத்தில் போரால் பாதையும் மூடியிருந்ததால் பனங்காய் எங்களைத் தேடி வரவும் இல்லை.

2002 இல் யாழ்ப்பாணத்துக்குப் போகிற ஏ9 பாதை திறந்தது. அந்த வருடம் ஆவணியில் அம்மம்மா ஒரு பை நிறையப் பனங்காயோடு வந்து இறங்கினார். எனக்கு அப்போது பதினான்கு வயது. பக்கத்து வீட்டுக்கு மணக்கப் போகிறதே என்று நான் யன்னல்களைச் சாத்தினேன். அம்மம்மா ஒரு சொல்லும் சொல்லாமல் ஒவ்வொன்றாகத் திறந்துவிட்டார். 2006 இல் பாதை மறுபடி மூடியது. அடுத்த தடவை அது திறந்தபோது அவர் இல்லை.

அதனால்தான் என் பிள்ளைகள் இந்தப் பழத்தைக் கையால் தொட்டுத்தான் பழக வேண்டும் என்று பிடிவாதமாக இருக்கிறேன். கடையில் வாங்கிய பனங்காய்ப் பணியாரத்தைத் தட்டில் வைத்துக் கொடுத்தால் அது அவர்களுக்கு இன்னொரு பலகாரம். பழத்தைப் பிசைந்தவர்களுக்கு அது வேறு.

சரி, குசினிக்கு வருவோம்.

பனங்காய் ஒவ்வொன்றும் ஒன்றரைக் கிலோவுக்குக் குறையாது. தோல் கறுப்பு, காம்புப் பக்கம் மட்டும் செம்மஞ்சள். முதல் வேலை கழுவுவது. அதைச் சின்னவனுக்குக் கொடுத்தேன். அவனுக்கு நாலு வயது, தண்ணீரோடு எந்த வேலை கொடுத்தாலும் சம்மதம். குளியலறையில் வாளியை வைத்து, பழைய பல்துலக்கியால் நாலையும் தேய்த்து முடிக்க அவனுக்கு அரை மணி நேரம் ஆனது. அவசரப்படுத்தவில்லை. அந்த அரை மணியில் நான் மாவை வறுத்து எடுத்துவிட்டேன்.

ஊரில் என்றால் தணலில் சுடலாம். இங்கே கேஸ் அடுப்புத்தான். இரண்டு பழத்தை நடுத்தர நெருப்பில், குறட்டால் பிடித்துத் திருப்பித் திருப்பிச் சுட்டேன். தோல் வெடித்து உள்ளே இருந்து சாறு சீறிக்கொண்டு வரும். வீட்டுக்குள் புகை கட்டும், யன்னல்களைத் திறந்து வைக்க வேண்டும். மற்ற இரண்டையும் பெரிய பானையில் தண்ணீர் விட்டு அவித்தேன். சுட்டதா அவித்ததா ருசி என்று பிள்ளைகள் தாங்களே பார்க்கட்டும் என்று வேண்டுமென்றே இப்படிப் பிரித்தேன். அவித்தது சுத்தமான வேலை. ஆனால் சுட்ட பழத்தில் இருக்கிற அந்தப் புகை மணம் அதில் வராது. மூத்தவள் சுட்டதற்குத்தான் வாக்களித்தாள். சின்னவனுக்கு இரண்டும் ஒன்றுதான்.

ஆறிய பிறகு காம்பை எடுத்துவிட்டுத் தோலை உரித்தால், நாரோடு நாராகக் கொட்டைகள் ஒட்டிக்கொண்டு இருக்கும். ஒரு பழத்தில் பெரும்பாலும் மூன்று கொட்டை, சிலவேளை இரண்டு அல்லது ஒன்று. உடைப்பதற்கு முன் எத்தனை இருக்கும் என்று சொல்ல வேண்டும், அதுதான் எங்கள் வீட்டு விளையாட்டு. முதல் மூன்று பழத்திலும் மூன்று மூன்று. கடைசிப் பழத்தில் இரண்டு. சின்னவன் ஒவ்வொரு தடவையும் "நூறு" என்றான்.

இனித்தான் பிள்ளைகளின் உண்மையான வேலை. நிலத்தில் பழைய பெட்ஷீட்டை விரித்து, நடுவில் பெரிய பேசினை வைத்து, இருவரையும் பெனியனோடு இருத்தினேன். பேசினில் கொட்டைகள், அளவாகக் கொதித்தாறிய தண்ணீர். அதிகம் தண்ணீர் விட்டால் பிறகு காய்ச்சிக் காய்ச்சியே கை ஓய்ந்துவிடும், கொட்டை நனைகிற அளவு போதும். பிசையத் தொடங்கியதும் இருவரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். தும்புக்குள் விரலை விட்டு இழுக்கும்போது களி வழுக்கிக்கொண்டு வெளியே வரும். தும்பு விரலிடுக்கில் சிக்கும். களி நல்ல செம்மஞ்சள், மஞ்சள்தூளை விடக் கடும் நிறம், நகத்தடியில் இரண்டு நாளைக்கு நிற்கும். கொஞ்ச நேரத்தில் சின்னவன் ஒரு கொட்டையைத் தூக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னான்: "அம்மா, இதுக்குத் தலைமயிர் இருக்கு."

பிசையப் பிசைய மேலே மெல்லிய நுரை கட்டியது. சோப்புப் போட்டீர்களா என்று மூத்தவள் கேட்டாள். நல்ல கேள்வி. பனங்களியில் பிளபெலிபெரின் என்று சபோனின் வகைப் பொருள் ஒன்று உண்டு. சபோனின்கள் தண்ணீரில் சோப்பைப் போல நுரைக்கும். களியில் இருக்கிற காறலுக்கும் அதுதான் காரணம். அவளுக்கு நான் பெயரைச் சொல்லவில்லை, "காறுகிற சாமான்தான் நுரைக்குது" என்று மட்டும் சொன்னேன். உடனே ஒரு விரல் தொட்டு நக்கிப் பார்த்தாள். முகம் சுருங்கியது. துப்பவில்லை.

அப்போதிருந்து அவளைச் சுவை பார்க்கிற ஆளாக்கிவிட்டேன். பச்சைக் களியில் ஒரு தேக்கரண்டி. அரிதட்டில் ஒரு தரம், பிறகு மெல்லிய வெள்ளைத் துணியில் ஒரு தரம் வடித்த களியில் ஒன்று. சீனி சேர்த்துக் காய்ச்சத் தொடங்கியதும் பத்து நிமிடத்துக்கு ஒன்று. ஒவ்வொரு தடவையும் "இன்னும் காறுது", "கொஞ்சம் காறுது" என்று தீர்ப்புச் சொன்னாள். இரண்டு கோப்பைக் களிக்கு முக்கால் கோப்பைச் சீனி போட்டேன். பழத்துக்குப் பழம் காறல் மாறும், அதனால் முதலே முழுச் சீனியையும் கொட்டாமல் பார்த்துப் பார்த்துச் சேர்ப்பது நல்லது. மெல்லிய நெருப்பில் அடிப்பிடிக்காமல் அகப்பையால் கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும். களி இறுகத் தொடங்கும்போது கொப்புளம் வெடித்துத் தெறிக்கும், அந்த நேரம் பிள்ளைகள் அடுப்படிக்கு வரக்கூடாது. இருபது நிமிடம் போல் ஆனதும் பச்சை வாசம் போய், நிறம் கொஞ்சம் கறுத்து, அகப்பையை இழுத்தால் தாச்சியின் அடி ஒரு கணம் தெரிந்தது. மூத்தவள் கடைசிக் கரண்டியை வாயில் வைத்துவிட்டு, "இப்ப சரி" என்றாள். நானும் பார்த்தேன். சரிதான். ஒரு துளி காறல் பின்னுக்கு நின்றது. அது நிற்க வேண்டும். காறலே இல்லாத பனங்காய்ப் பணியாரம் எனக்குப் பணியாரமாகப் படுவதில்லை.

களி நன்றாக ஆறிய பிறகுதான் மா சேர்க்க வேண்டும். சூட்டோடு போட்டால் கட்டிபடும். வறுத்த கோதுமை மா ஒரு கோப்பை, மொறுமொறுப்புக்குப் பச்சையரிசி மா ஒரு கைப்பிடி, உப்பு ஒரு சிட்டிகை. மாவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவுகிற வேலை சின்னவனுக்கு, குழைக்கிற வேலை மூத்தவளுக்கு. இடியப்ப மா மாதிரி இறுகக்கூடாது, தோசை மா மாதிரி ஓடவும் கூடாது. விரலால் கிள்ளி விட்டால் பொத்தென்று விழ வேண்டும்.

எண்ணெயில் போடுவது என் வேலை மட்டும். குசினி வாசலில் மூன்றாவது மாபிள் வரைக்கும்தான் வரலாம் என்று சொல்லி, அங்கே இரண்டு முக்காலி போட்டுவிட்டேன். அங்கிருந்து எண்ணினார்கள். தேங்காயெண்ணெய், நடுத்தர நெருப்பு. சீனி சேர்ந்த பண்டம் என்பதால் நெருப்புக் கூடினால் வெளியே கருகி உள்ளே மாவாக இருக்கும். சின்னச் சின்னதாகக் கிள்ளிப் போட்டேன். முதலில் அமிழ்ந்து, பிறகு மெல்ல மேலே வந்து, தானாகப் புரண்டு, கித்துள் கருப்பட்டி நிறத்துக்கு வந்ததும் எடுத்தேன். எழுபத்திரண்டு என்று மூத்தவள் சொன்னாள். இடையில் அவர்கள் வாய்க்குப் போனதை அவள் கணக்கில் சேர்க்கவில்லை.

பணியாரம் சூட்டோடு நல்லது, அடுத்த நாள் இன்னும் நல்லது. எண்ணெய் அடங்கி, காறலும் இனிப்பும் ஒன்றோடொன்று சேர்ந்துவிடும். கீழ் வீட்டு அன்ரிக்கு ஒரு தட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தவர்கள் பிள்ளைகள்தான். இது என்ன என்று அவர் கேட்க, மூத்தவள் படிக்கட்டு முழுக்கக் கேட்கும்படி உரத்துச் சொன்னாள்: "பனங்காய்!" நான் மேலே வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அந்தச் சொல்லை எட்டு வயதில் நான் விழுங்கிக்கொண்டு திரிந்தேன்.

மிஞ்சின களியைச் சின்னப் பெட்டிகளில் போட்டு பிறீசரில் வைத்திருக்கிறேன். ஊரில் இதைப் பாயில் ஊற்றி வெயிலில் காயவைத்துப் பினாட்டுச் செய்வார்கள். போன வருடம் எங்கள் பல்கனியில் செய்து பார்த்தேன். இந்தக் கடற்காற்றின் ஈரத்துக்குக் காயவில்லை, நாலாம் நாள் பூஞ்சணம் பிடித்தது. அதற்கு யாழ்ப்பாணத்து வெயில்தான் வேண்டும்.

அடுத்தது கொட்டைகள். மணல் நிரப்பிய உரப்பை ஒன்று பல்கனி மூலையில் இருக்கிறது. ஊரில் பாத்தி போட்டுக் கொட்டைகளை அடுக்கி மூடி, தைமாசமளவில் கிழங்கு பிடுங்குவார்கள். போன வருடம் எங்கள் பையில் ஆறு புதைத்து இரண்டு கிழங்கு வந்தது. இரண்டும் என் சுண்டுவிரல் மொத்தம். அவித்து, நாலு பேருக்கும் பங்கிட்டு, மிளகும் உப்பும் தொட்டுச் சாப்பிட்டோம். இந்த வருடம் மணலை இன்னும் உயரமாகப் போட்டிருக்கிறேன், கிழங்கு கீழே இறங்க இடம் வேண்டும்.

கிழங்கு பிடுங்காமல் விட்டால் மரமாகுமா என்று மூத்தவள் கேட்டாள். ஆகும், ஆனால் காய்க்கப் பன்னிரண்டு பதினைந்து வருடமாவது செல்லும் என்றேன். பனையில் ஆண்மரம் வேறு, பெண்மரம் வேறு, பெண்பனைதான் காய்க்கும் என்றும் சொன்னேன். அவள் கொஞ்ச நேரம் யோசித்தாள். "அப்ப இந்த நாலும் அம்மா மரத்திலயிருந்து வந்ததோ?" ஓம் என்றேன். பின்னேரம் மாமிக்குத் தொலைபேசி எடுத்து, அந்த மரம் எந்த இடத்தில் நிற்கிறது என்று அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். கிணற்றடி வேலிக்குப் பக்கத்தில் என்று அப்பம்மா சொன்னாராம். ஷெல்லடிக்குத் தப்பின மரம் என்றும் சொல்லியிருக்கிறார். அது என்ன என்று என்னிடம் கேட்டாள். அடுத்த முறை கைதடிக்குப் போகும்போது மரத்தடியில் வைத்துச் சொல்கிறேன் என்றேன்.

கொட்டைகள் பதினொன்று இருந்தன. சின்னவன் ஒன்றைத் தரமாட்டேன் என்று கட்டிப்பிடித்துக்கொண்டான். அதை மூன்று தரம் கழுவி, வெயிலில் காயவைத்து, அக்காவின் பொம்மைச் சீப்பால் தும்பை வாரிவிட்டிருக்கிறான். அக்கா ஒரு சிவப்பு ரிப்பன் கட்டிவிட்டாள். பத்தைத்தான் மணலில் புதைத்தோம். பதினோராவது இரவில் அவன் தலையணைக்குப் பக்கத்தில் படுக்கிறது, இன்னும் லேசாக மணக்கிறது.