அப்பாவின் சிலேட்டுக்குப் புது பேட்டரி

2016-ஆம் ஆண்டு நான் வாங்கிக் கொடுத்த பத்து அங்குல டேப்லெட்டை அப்பா இன்றுவரை ‘சிலேட்டு’ என்றுதான் சொல்கிறார். கம்பத்தை அடுத்த கூடலூரில் எங்கள் வீடு. வண்டன்மேட்டுப் பக்கம் இரண்டு ஏக்கரில் ஏலக்காய்த் தோட்டம். போடிநாயக்கனூரிலும் புற்றடியிலும் நடக்கும் ஏலக்காய் மின்னணு ஏலத்தின் சராசரி விலை மாலையில் வாட்ஸ்அப் குழுவுக்கு வந்துவிடும். அதை எழுத்தைப் பெரிதாக்கிப் படிப்பதும், கூலிக் கணக்கை அதிலேயே எழுதி வைப்பதும் அவருடைய அன்றாட வேலைகள். சென்ற கோடையில் அந்தச் சிலேட்டு 40 சதவீதம் சார்ஜ் இருப்பதாகக் காட்டிக்கொண்டிருக்கும்போதே சட்டென்று அணைந்துபோகத் தொடங்கியது.

சதவீதக் கணக்கு பொய் சொல்கிறது என்று அப்பா எரிச்சலடைந்தார். அது முழுப் பொய்யும் அல்ல. பேட்டரி பழசானால் அதன் கொள்ளளவு குறைவதோடு, மின்னோட்டத்தை உள்ளேயே தடுக்கும் உள்மின்தடையும் கூடிவிடுகிறது. திரையின் வெளிச்சத்தைக் கூட்டி ஒரு காணொளியை ஓடவிட்டால், அந்த மின்னோட்டத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல் மின்னழுத்தம் ஒரு கணம் சரிகிறது. கருவி தன்னைக் காத்துக்கொள்ள அணைந்துவிடுகிறது. உள்ளே சார்ஜ் இருக்கத்தான் செய்கிறது, அதைக் கேட்ட வேகத்தில் எடுத்துக்கொடுக்கப் பேட்டரிக்குத் தெம்பு இல்லை.

சில வாரங்களில் பின்மூடியின் நடுப்பகுதி லேசாக மேடு தட்டியது. மேசையில் மல்லாக்க வைத்தால் ஒரு பக்கம் ஆடியது. அன்றே சார்ஜ் போடுவதை நிறுத்தச் சொல்லிவிட்டேன். பேட்டரிக்குள் இருக்கும் மின்பகுதிரவம் சிதைந்து வாயுவாகும்போதுதான் அந்த அலுமினிய உறை உப்புகிறது. அதை அழுத்திச் சமன் செய்ய முயல்வதைப் போன்ற மடமை வேறில்லை.

பழியைக் கருவியின் மேல் போட எனக்கு மனமில்லை. லித்தியம் அயனி பேட்டரியில் ஒவ்வொரு சார்ஜின்போதும் கிராஃபைட் முனையின் மேல் படியும் மெல்லிய படலம் சிறிதளவு லித்தியத்தைச் சாப்பிட்டுவிடும். இந்தத் தேய்மானம் எல்லாப் பேட்டரிக்கும் உண்டு. முழுச் சார்ஜிலேயே வைத்திருப்பதும் வெப்பமும் சேர்ந்தால் அது பல மடங்கு வேகமாகும். அப்பாவின் சிலேட்டோ, தகரக் கூரைக்குக் கீழே தொலைக்காட்சிப் பெட்டியின் பக்கத்தில், காலை முதல் இரவு வரை சார்ஜரிலேயே கிடந்தது. லோயர் கேம்ப்பில் பெரியாற்றுத் தண்ணீர் மின்சாரமாகி வரும் ஊருக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு கரண்டுக்கு என்ன பஞ்சம் என்பது அவர் கட்சி.

புது டேப் வாங்கியிருக்கலாமே என்று கேட்டவர்கள் உண்டு. திரையில் ஒரு கீறல் இல்லை. அவர் பயன்படுத்தும் மூன்று செயலிகளும் இன்னும் திறக்கின்றன. பாதுகாப்புப் புதுப்பிப்புகள் நின்று பல ஆண்டுகள் ஆகிவிட்டதால் வங்கிக் கணக்கை மட்டும் அதில் வைக்கவில்லை. அந்தச் செயலிகளே திறக்காமல் போயிருந்தால் பேட்டரிக்குச் செலவு செய்யாமல் புதிதுதான் வாங்கியிருப்பேன்.

இணையத்தில் ஒரு விற்பனையாளரிடம் பேட்டரி வாங்கி, அதையும் டேப்பையும் எடுத்துக்கொண்டு குமுளிக்குப் பஸ் ஏறினேன். அங்கே பழைய பேருந்து நிறுத்தத்துக்கு அருகில் மொபைல் பழுதுபார்க்கும் சேட்டன் ஒருவர் இருக்கிறார். டேப்பைக் கையில் வாங்கிப் பக்கவாட்டில் ஒருமுறை பார்த்ததுமே, “வீர்த்துப் போயி, சாரே” என்றார். எங்கள் வீட்டில் வீங்கியது என்போம். மலை மேல் சொல் வேறு, பொருள் ஒன்றுதான் என்று நினைத்துக்கொண்டேன். சார்ஜை 25 சதவீதத்துக்குக் கீழே இறக்கிக்கொண்டு வரவேண்டும் என்று தொலைபேசியில் முன்பே சொல்லியிருந்தார். தவறிக் குத்துப்பட்டால் உள்ளே இருக்கும் ஆற்றல் குறைவாக இருப்பது நல்லது என்பதே காரணம்.

கிட்டார் வாசிப்பவர்கள் பிடித்திருக்கும் முக்கோண வில்லையை விளிம்பில் நுழைத்து, கொக்கி கொக்கியாக விடுவித்துப் பின்மூடியைக் கழற்றினார். அடுத்து அவர் தொட்டது பேட்டரியை அல்ல, அதன் கனெக்டரை; அதைப் பிளாஸ்டிக் நெம்பியால் தூக்கிய பிறகுதான் மற்ற ஸ்குருக்களைக் கழற்றினார். பேட்டரி அடியில் இரட்டைப் பசை நாடாவில் அழுந்தி ஒட்டியிருந்தது. சாதாரணமாக இருந்தால் ஹீட்டரால் சூடு காட்டுவாராம். உப்பிய பேட்டரிக்குச் சூடு ஆகாது. சிரிஞ்சில் ஐசோபுரோபைல் ஆல்கஹாலை எடுத்து ஓரங்களில் சொட்டுச் சொட்டாக விட்டு, பத்து நிமிடம் பொறுத்து, தூண்டில் நரம்பை அடியில் கொடுத்து இரண்டு கையாலும் ரம்பம் இழுப்பதுபோல மெல்ல இழுத்தார். கால்மாட்டில் ஒரு வாளி மணல் தயாராக இருந்தது. உலோக நெம்பியைத் தப்பித் தவறிக்கூட அவர் எடுக்கவில்லை.

இந்த ஒட்டுப் பசைதான் என் ஒரே மனக்குறை. பேட்டரி தேய்வது வேதியியல். அதைக் கழற்ற முடியாதபடி ஒட்டுவது மனிதர்கள் செய்த முடிவு. ஐரோப்பிய ஒன்றியம் 2023-ல் இயற்றிய பேட்டரிச் சட்டத்தின்படி, 2027 பிப்ரவரி முதல் கையடக்கக் கருவிகளின் பேட்டரி பொதுவாகப் பயன்படுத்துபவரே கழற்றி மாற்றக்கூடியதாக இருக்கவேண்டும். எங்கள் சிலேட்டுக்கு அதனால் பயனில்லை.

பழையது வெளியே வந்ததும், நான் கொண்டுபோன புதியதைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பழையதில் மின்னழுத்தம் 3.8 வோல்ட், கொள்ளளவு 6800 மில்லி ஆம்பியர் மணி என்று அச்சாகியிருந்தது. அதே நீளம், அதே அகலம் கொண்ட புதியதிலோ 9000 என்று கொட்டை எழுத்தில் இருந்தது. சேட்டன் ஒன்றும் சொல்லாமல் இரண்டையும் எடுத்துக்கொண்டு பக்கத்து மசாலாக் கடைக்குப் போனார். ஏலக்காயும் கிராம்பும் நிறுக்கும் மின்னணுத் தராசில் பழையது 132 கிராம் காட்டியது, புதியது 94. ஆற்றல் கூடுதலாக அடங்கியிருப்பதாகச் சொல்லப்படும் பேட்டரி எடையில் கால் பங்குக்கு மேல் குறைந்திருந்தால், எதைக் குறைத்திருப்பார்கள் என்று விளக்க வேண்டியதில்லை. லேபிளில் ஐ.எஸ். 16046 என்ற இந்தியத் தர எண்ணும், அதற்குரிய ‘ஆர்’ என்று தொடங்கும் பதிவு எண்ணும் இல்லாததையும் அவர்தான் சுட்டிக்காட்டினார். மாட்டிவிட மறுத்துவிட்டார். பதினோரு நாள் இழுத்தடித்த பிறகு விற்பனையாளர் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்.

கொச்சியிலிருந்து சேட்டனே வரவழைத்த பேட்டரி அடுத்த வாரம் வந்தது. பொருளுக்கு 1,400 ரூபாய், கூலி 400. வரும்போது அதில் சார்ஜ் குறைவாகவே இருந்தது. அது பழைய சரக்கின் அடையாளம் அல்ல. விமானச் சரக்கில் தனியாக அனுப்பும் லித்தியம் அயனி பேட்டரியில் 30 சதவீதத்துக்கு மேல் சார்ஜ் இருக்கக்கூடாது என்பது விதி. உப்பிய பழையதைக் குப்பைத்தொட்டியில் போடாமல், முனைகளில் ஒட்டு நாடா ஒட்டி, தன் கடையில் மணல் நிரப்பிய டப்பாவில் போட்டுக்கொண்டார். மின்கழிவு எடுக்க வருபவர்களிடம் கொடுப்பாராம்.

வீட்டுக்கு வந்து சார்ஜருக்கும் டேப்புக்கும் நடுவே, உள்ளே போகும் மின்சாரத்தை அளக்கும் யூ.எஸ்.பி. மீட்டரைச் செருகி, அணைந்த நிலையிலிருந்து முழுச் சார்ஜ் வரை விட்டேன். 6050 மில்லி ஆம்பியர் மணி என்று காட்டியது. 6800 எங்கே போயிற்று என்று ஒரு கணம் திடுக்கிட்டு, பிறகு கணக்குப் போட்டேன். பேட்டரியின் 6800, 3.8 வோல்ட்டில் சொல்லப்படுவது. இரண்டையும் பெருக்கினால் கிடைக்கும் ஆற்றல் ஏறத்தாழ 25.8 வாட் மணி. மீட்டர் அளப்பது 5 வோல்ட்டில். 6050 என்பது ஏறத்தாழ 30 வாட் மணி. வெப்பமாகப் போகும் பங்கைக் கழித்தால் கணக்கு நேராகிறது. ஆம்பியர் மணியை ஆம்பியர் மணியோடு ஒப்பிட்டு நல்ல பேட்டரியைத் திருப்பி அனுப்புபவர்களும், போலியை நல்லது என்று நம்புபவர்களும் உண்டு. இரண்டையும் வாட் மணியாக்கிப் பார்ப்பதே சரி.

80 சதவீதத்தில் சார்ஜை நிறுத்தும் வசதி இந்தப் பழைய டேப்பில் இல்லை. ஆகவே சார்ஜருக்கு முன்னால், இரண்டு மணி நேரத்தில் தானாக அணைந்துவிடும் டைமர் பிளக் ஒன்றை மாட்டினேன். முதல் வாரம் முழுவதும், டைமர் அணையும் ஒவ்வொரு முறையும் அப்பா திண்ணையிலிருந்து குரல் கொடுத்தார்: “டேய், ஃபியூஸ் போயிருச்சா பாரு, சிலேட்டுக்குக் கரண்டு வரல.”