ஆறாவது வீடு

வாடகைக்கு விட்டிருக்கும் வீடுகள் என்னிடம் ஐந்து இருக்கின்றன. ஐந்தும் குன்னூரில், என் வீட்டிலிருந்து நடந்தே போகும் தொலைவில். மூன்று ஆண்டுகள் ஆறாவதாக ஒன்றும் இருந்தது. அதை விற்றபோது என் தம்பி, "ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டு வந்தாயே, இப்போது ஏன் குறைக்கிறாய் அக்கா?" என்று கேட்டான். அவனுக்குக் கோயம்புத்தூரில் இரண்டு வீடுகள் உண்டு. அங்கே வீடு பாட்டுக்கு வெயிலில் காயும், வாடகை பாட்டுக்கு வங்கியில் ஏறும். அவனுக்கு ஒரு வரியில் விளக்கம் சொல்ல எனக்கு அன்று வரவில்லை.

நான் தேயிலைத் தொழிற்சாலை ஒன்றில் 26 ஆண்டுகள் கணக்கு எழுதியவள். ஒரு கிலோ தூள் கிடைக்க நாலு கிலோவுக்கு மேல் பச்சை இலை வேண்டும். மீதி ஈரமாகப் போய்விடும். இது எங்கள் ஊரில் பள்ளிப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். இருந்தும் 2003இல் என் வீட்டின் கீழ்ப் பகுதியை அருவங்காடு வெடிமருந்துத் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போகும் ஒரு குடும்பத்துக்கு முதன்முதலாக விட்டபோது, கைக்கு வந்த வாடகை முழுவதையும் தூள் என்று நினைத்துச் செலவழித்தேன். அது பச்சை இலை என்பது அடுத்த ஆண்டு கூரைத் தகரம் மாற்றும்போதுதான் உறைத்தது. அன்றிலிருந்து ஒவ்வொரு வீட்டிலும் ஆண்டுக்கு மூன்று மாத வாடகையைப் பழுதுபார்ப்புக்கென்று ஒதுக்குகிறேன். வருமான வரியில் வீட்டு வாடகைக்கு 30 சதவீதம் நிலையான கழிவு கொடுக்கிறார்கள். சமவெளிக்காரர்களுக்கு அது சலுகை. எங்களுக்குச் சில ஆண்டுகளில் அது போதுவதே இல்லை.

இரண்டாவது வீட்டை 2007இல் கடன் போட்டு வாங்கினேன். தரகர் என்னைச் சன்னலருகே நிறுத்தி, "பள்ளத்தாக்கு எப்படித் தெரிகிறது பாருங்கள் அம்மா" என்றார். பார்த்தேன். மேகம், சில்வர் ஓக் மரங்கள், தூரத்தில் ரயில் பாதை. வில்லங்கச் சான்றையும் பட்டாவையும் மூலப் பத்திரத்தையும் ஒழுங்காகத்தான் சரிபார்த்தேன். எண்ணாமல் விட்டது படிகளை. சாலையிலிருந்து அந்த வீட்டுக்கு 68 படிகள் இறங்க வேண்டும். ஒரு மூட்டை சிமெண்ட் 50 கிலோ. அதை 68 படிகள் இறக்கத் தனிக் கூலி, மணலுக்குத் தனிக் கூலி, உடைந்த பழையதை மேலே ஏற்ற இன்னொரு கூலி. சாலையோரத்தில் ஆயிரம் ரூபாயில் முடியும் வேலை கீழே இறங்குவதற்குள் ஆயிரத்து எண்ணூறு ஆகிவிடும். அதற்குப் பிறகு எந்த வீட்டைப் பார்க்கப் போனாலும், தரகர் பேசிக்கொண்டிருக்கும்போது நான் மனத்துக்குள் படிகளை எண்ணிக்கொண்டிருப்பேன்.

சமவெளியில் ஒரு மனையில் மாடி மேல் மாடி எழுப்பி வாடகையைப் பெருக்கலாம். மலைப்பகுதிக் கட்டட விதிகள் இங்கே 7 மீட்டருக்கு மேல் உயர விடுவதில்லை. அதனால் வளர நினைத்தால் பக்கவாட்டில்தான், ஏற்கெனவே கட்டிய பழைய வீடுகளாகப் பார்த்து வாங்கித்தான் வளர வேண்டும். பழைய வீடு என்றால் கல்லும் மண்ணும் சுண்ணாம்பும். அதன் மீது சிமெண்ட் பூசி, பளபளக்கும் பிளாஸ்டிக் பெயிண்ட் அடித்துவிட்டால் பார்ப்பதற்கு நன்றாகத்தான் இருக்கும். சுவருக்குள் இருக்கும் ஈரம் வெளியேற வழியில்லாமல் ஒரே மழைக்காலத்தில் பெயிண்ட் அப்பளம் போல் உப்பிக்கொண்டு வரும். மூன்றாவது வீட்டில் இதைச் செய்து, சுரண்டி எடுத்து, மறுபடி சுண்ணாம்புக்கே திரும்பினேன். இப்போது புதிதாகக் குடிவருபவர்களிடம் சாவியோடு சேர்த்து இரண்டு விஷயங்கள் சொல்வேன். பீரோவைச் சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள், நாலு விரல் இடைவெளி விடுங்கள். பகலில் ஒரு மணி நேரமாவது சன்னலைத் திறந்து வையுங்கள். குளிருக்குப் பயந்து யாரும் திறப்பதில்லை. பிறகு பட்டுப்புடவையில் பூசணம் என்று என்னைக் கூப்பிடுவார்கள்.

2009 நவம்பரைப் பற்றிச் சொல்ல வேண்டும். நீலகிரியில் மண் சரிந்து 40 பேருக்கு மேல் இறந்த மழை அது. இரண்டாவது வீட்டின் பின்புறம் ஒரு கல் தடுப்புச் சுவர் உண்டு. எட்டடி உயரம், அதன் மேல் இன்னொருவரின் தோட்டம். இப்படிப்பட்ட சுவரில் வரிசையாகத் துளைகள் விட்டிருப்பார்கள். மேலே மண் குடிக்கும் தண்ணீர் அந்தத் துளைகள் வழியாகச் சொட்டி வெளியேற வேண்டும். அப்போது அங்கே குடியிருந்தவர் சுத்தத்தில் கொஞ்சம் கூடுதல் அக்கறை உள்ளவர். பின்கட்டில் எப்போதும் சொதசொதவென்று இருக்கிறது, அடுக்கி வைத்த விறகு நனைகிறது என்று, தன் கைக்காசில் சிமெண்ட் வாங்கி அத்தனை துளைகளையும் அழகாக அடைத்துவிட்டார். எனக்குச் செலவு வைக்கக் கூடாது என்ற நல்ல எண்ணம். நானும் போய்ப் பார்த்து, பின்கட்டு காய்ந்து கிடக்கிறதே என்று பாராட்டிவிட்டு வந்தேன்!

மழை தொடங்கிய இரண்டாம் நாள் சுவர் வயிறு தள்ளியது. மேஸ்திரி வந்து பார்த்தார், ஒன்றும் பேசவில்லை, அந்தக் குடும்பத்தை என் வீட்டுக்கு அனுப்பச் சொன்னார். பிறகு பக்கவாட்டில் ஒதுங்கி நின்றுகொண்டு, கடப்பாரையால் அடைப்பை ஒவ்வொன்றாக உடைத்தார். முதல் துளையிலிருந்து செந்நிறத் தண்ணீர் குழாயில் பீய்ச்சுவது போல் ஆறடி தூரம் பாய்ந்தது. பன்னிரண்டு துளைகள். மாலைவரை பாய்ந்துகொண்டே இருந்தது. சுவர் நின்றது, வயிறு மட்டும் உள்ளே போகவில்லை. மறு ஆண்டு பிரித்துக் கட்டினேன். இரண்டு வருட வாடகை அதில் போயிற்று. அந்தக் குடும்பம் எங்கள் கூடத்தில் ஒன்பது நாட்கள் தங்கியது. குறையைச் சொல்வதென்றால் முதலில் என்னைத்தான் சொல்ல வேண்டும். துளை எதற்கு என்று குடியிருப்பவருக்கு யார் சொல்லியிருக்க வேண்டும்?

தண்ணீர் அதிகமானால் ஒரு கதை, குறைந்தால் இன்னொரு கதை. ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்று நகரங்களுக்குக் கணக்கு வைத்திருக்கிறார்கள். நாலு பேர் என்றால் 540. குழாயில் தண்ணீர் வரும் நாட்களுக்கு இடையே கோடையில் ஒரு வாரம் ஓடிவிட்டால் 3,780 லிட்டர் சேமித்திருக்க வேண்டும். வரிசையாக இருந்த மூன்றாவது, நாலாவது வீடுகளுக்குச் சேர்த்து முதலில் ஒரே பொதுத் தொட்டி வைத்தேன். அந்த ஏப்ரலில் இரு வீட்டாரும் ஒருவர் துணி துவைப்பதை ஒருவர் எண்ண ஆரம்பித்தார்கள். தனித்தனித் தொட்டி, தனித்தனி மீட்டர் என்று பிரித்ததும் நட்பு திரும்பியது. இப்போது பண்டிகைக்குப் பலகாரம் மாற்றிக்கொள்கிறார்கள்.

2019 பிப்ரவரி 22இல் புதிய வாடகைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. எழுத்தில் ஒப்பந்தம், அதைப் பதிவு செய்வது, வேறு உடன்பாடு இல்லாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது என்பவையெல்லாம் வந்தன. அதுவரை வாய்ப்பேச்சில் ஓடியதை நானும் தாளுக்கு மாற்றினேன். என் ஒப்பந்தங்களில் சட்டத்தில் இல்லாத ஒரு வரி உண்டு: மிச்சச் சோற்றை இரவில் வெளியே வைக்கக் கூடாது. விளக்கில் ஊற்றும் எண்ணெய்க்காகக் கோயில் கதவையே உடைக்கும் கரடிகள் உள்ள ஊர் இது.

இனி என் பேராசையைப் பற்றி. 2016 மே மாதம் இரண்டாவது வீடு காலியாக இருந்தது. பழக்கண்காட்சி நேரம். ஒரு தரகர் வந்து, நாள் வாடகைக்கு விடுங்கள், இரண்டே வாரத்தில் ஐந்து மாத வாடகையைப் பார்க்கலாம் என்றார். பார்த்தேன், அவர் சொன்னது பொய்யில்லை. அந்த வீட்டு செப்டிக் டேங்க் ஐந்து பேருக்குக் கட்டியது. ஒவ்வொரு வார இறுதியிலும் பன்னிரண்டு பேர் வந்து தங்கினார்கள். மூன்றாவது வாரம் அது பொங்கி வழிந்தது. கழிவுநீர் லாரியின் குழாய் 68 படிகளுக்குக் கீழே எட்டவில்லை. தரகர் ஒருவரை அழைத்துவந்து, "இவர் வாளியால் இறைத்துவிடுவார்" என்றார். மனிதரை இறக்குவது சட்டப்படி குற்றம். சட்டம் இல்லாவிட்டாலும் என்னால் அதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியாது. அந்த மனிதருக்கு வந்த கூலியைக் கொடுத்து அனுப்பிவிட்டு, மூன்று லாரிகளின் குழாய்களை ஒன்றோடொன்று இணைத்து, பக்கத்துத் தோட்டத்தின் பீன்ஸ் பாத்தி வழியாகக் கொண்டுபோய் வேலையை முடித்தோம். பீன்ஸுக்கும் நஷ்ட ஈடு கொடுத்தேன். ஐந்து மாத வாடகையில் மிஞ்சியது ஒரு மாதத்துக்கும் குறைவு. 2024 மே 7 முதல் ஊட்டிக்கு இ-பாஸ் வந்தபோதும், அடுத்த ஆண்டு ஏப்ரலில் வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000 வாகனங்கள் என்று வரம்பு வந்தபோதும் காட்டேஜ் நடத்தும் தோழிகள் தூக்கமில்லாமல் தவித்தார்கள். நான் அவர்களுக்கு ஆறுதல் சொல்லிவிட்டு நன்றாகத் தூங்கினேன்.

2020இல் ஓட்டலில் வேலை பார்த்த ஒருவரால் ஏழு மாதம் வாடகை தர முடியவில்லை. காலி செய்கிறேன் என்றார். வேண்டாம், இருங்கள், பாதி கொடுங்கள், அதையும் முடிந்தபோது கொடுங்கள் என்றேன். இதைத் தரும சிந்தனை என்று யாரும் நினைக்க வேண்டாம். அடுப்பு எரியாத, சன்னல் திறக்காத வீடு இந்த மலையில் ஒரே மழைக்காலத்தில் வீணாகிவிடும். அவர் தராத வாடகையைவிட, அவர் போனபின் நான் கொடுக்க வேண்டிய கூலி அதிகம்.

ஆறாவது வீட்டை 2018இல் மஞ்சூரில் வாங்கினேன். விலை குறைவு, படிகள் நாலே நாலு, பத்திரம் சுத்தம். அரசுப் பள்ளி ஆசிரியை ஒருவர் குடியிருந்தார், நல்லவர். கணக்குப் புத்தகத்தில் பார்த்தால் ஆறிலும் அதுதான் மிக லாபமான வீடு. கணக்கில் நான் எழுதாமல் விட்டது மழையை. குன்னூருக்குப் பெரிய மழை அக்டோபரில் தொடங்கும் வடகிழக்குப் பருவமழை. மஞ்சூர் மலையின் மேற்குப் பக்கம். அங்கே ஜூன் முதல் தென்மேற்கு. ஒரே மாவட்டம்தான், வானம் வேறு. ஜூன், ஜூலை, ஆகஸ்டில்தான் குன்னூர் வீடுகளின் கூரையையும் வாய்க்காலையும் பழுது பார்ப்பது என் வழக்கம். அதே மாதங்களில் மஞ்சூர் ஒழுகும். அக்டோபரில் மஞ்சூர் காய்ந்து வேலைக்குத் தயாராகும்போது இங்கே கொட்டும். மேஸ்திரி ஒருவர், நான் ஒருத்தி. 2019 ஆகஸ்டில் மஞ்சூர்ப் பக்கத்து அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை பெய்தது. அன்றிரவு டீச்சர் அழைத்து, "அக்கா, கூடத்தில் ஒழுகுகிறது" என்றார். போக வழியில்லை, சாலையில் மரம் விழுந்து பஸ் ஓடவில்லை. என்னென்ன பாத்திரம் எங்கெங்கே வைக்க வேண்டும் என்று தொலைபேசியிலேயே சொல்லிக்கொண்டிருந்தேன். இரண்டு கூரைகள் சந்திக்கும் வாய்க்காலில் இலை அடைத்திருக்கும் என்று எனக்குத் தெரியும். ஐந்து நிமிட வேலை. என் கை அங்கே இல்லை.

2021இல் அந்த வீட்டை விற்றேன். டீச்சர் இன்னமும் அங்கேதான் இருக்கிறார், வேறொருவருக்கு வாடகை கொடுத்துக்கொண்டு. ஒவ்வோர் ஆண்டும் மே கடைசியில் மறக்காமல் என்னை அழைப்பார். இந்த ஆண்டும் அழைத்தார். "அக்கா, ஆள் வைத்து வாய்க்காலைச் சுத்தம் செய்துவிட்டேன்."

"புகைபோக்கிக்குப் பின்னால் ஒரு மூலை இருக்கிறதே, அங்கேயும் பார்த்தார்களா டீச்சர்?" என்றேன்.

கொஞ்ச நேரம் பதில் இல்லை. பிறகு, ஏணியை மறுபடி எடுத்துவரச் சொல்லி அவர் யாரையோ கூப்பிடும் குரல் கேட்டது.