யானை முகம் தாங்கிய யானைப் பகைவன்: யாளியை நாயகனாக்கி காமிக்ஸ் வரைந்த அனுபவம்

ஓய்வு நேரத்தில் நான் வரைந்துவரும் காமிக்ஸின் முதல் அத்தியாயம் பென்சில் வேலையை முடித்து, மை தீட்டும் நிலைக்கு வந்திருக்கிறது. அதன் நாயகன் ஒரு யாளிக்குட்டி. அதை ஏன் தேர்ந்தெடுத்தேன் என்பதையும், அந்தத் தேர்வு வரையும்போது என்னென்ன வேலை வைத்தது என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன்.

அனுமனுக்கும் கருடனுக்கும் பிறப்பு முதலே கதை வகுக்கப்பட்டிருக்கிறது. அதிலிருந்து ஓரடி விலகினாலும் வாசகருக்கு உறுத்தும். யாளியின் நிலை வேறு. கோயில் தூண்களிலும் அதிட்டானம் எனும் அடித்தளத்து வரிசைகளிலும் படிக்கட்டுகளின் ஓரச் சுவர்களிலும் அதைப் பார்க்காதவர் அரிது என்றாலும், அது எங்கே பிறந்தது, எதற்கு அஞ்சியது என்று கேட்டால் ஊரறிந்த விடை இல்லை. உருவம் முழுமையாகக் கிடைத்து, வாழ்க்கை மட்டும் எழுதப்படாமல் இருக்கும் ஒரு பாத்திரம் கதை சொல்பவருக்குப் பெரும் கொடை.

ஆயினும் என்னை உண்மையில் பிடித்து இழுத்தது அதன் உடலுக்குள்ளேயே இருக்கும் முரண்தான். சங்கப் பாடல்களில் ஆளி என்ற பெயரில் வரும் யாளி, யானையையே வேட்டையாடும் விலங்கு. பிற்காலச் சிற்பிகளோ சிங்க உடலில் யானையின் துதிக்கையைப் பொருத்தி யானை யாளியை வடித்தார்கள். நாயக்கர் காலத் தூண்கள் பலவற்றில் அது ஒரு யானையின் மேலேயே கால் ஊன்றி நிற்கிறது. எந்த இனத்தைக் கொல்லப் பிறந்ததோ அந்த இனத்தின் முகத்தைத் தாங்கி நிற்கும் ஒரு விலங்கு, தண்ணீரில் தன் நிழலைப் பார்க்கும்போது என்ன நினைக்கும்? என் கதை முழுவதும் இந்தக் கேள்வியிலிருந்து முளைத்ததுதான். சிங்க முகமே கொண்ட யாளிகளும் உண்டு. சாளுவன்குப்பத்தில் பல்லவர் குடைந்த புலிக்குகையின் வாயிலைச் சுற்றியிருக்கும் தலைகள் அத்தகையவை, அழகில் ஈடற்றவை. அவற்றில் இந்த முரண் இல்லாததால், மனமில்லாமல் ஒதுக்கிவைத்தேன்.

நாயகனைக் குட்டியாக்கும் எண்ணத்தைத் தந்தது சங்க நூலான பொருநராற்றுப்படை. வெண்ணிப் போரில் சேரனையும் பாண்டியனையும் வென்ற இளம் கரிகாலனுக்கு உவமையாக, பால்குடி மறவாத பருவத்திலேயே தன் முதல் வேட்டையில் களிற்றைக் கொன்ற ஆளிக்குட்டியை முடத்தாமக்கண்ணியார் அதில் காட்டுகிறார். அவர் அந்தக் குட்டியின் வெற்றியைப் பாடினார். நான் அந்த வேட்டைக்கு முந்தைய இரவை வரைய விரும்பினேன்.

குட்டியை உருவாக்குவதில்தான் அதிக உழைப்பு சென்றது. தூண்களில் பாய்ந்து நிற்பவை பெரும்பாலும் வளர்ந்த யாளிகள். அவற்றை அப்படியே சிறிதாக்கினால் பொம்மைதான் வரும், குழந்தைமை வராது. ஆகவே யானைக்கன்றின் மேடான நெற்றியையும் தலையில் சிலிர்த்து நிற்கும் மெல்லிய முடியையும், சிங்கக்குட்டியின் கால்களிலும் வயிற்றிலும் தெரியும் மங்கிய புள்ளிகளையும் எடுத்துச் சேர்த்தேன். யானைக்கன்று துதிக்கையால் பால் குடிப்பதில்லை. அதை நெற்றிப்பக்கம் தூக்கி மடித்துக்கொண்டு வாயால்தான் குடிக்கிறது. அதே அசைவில் யாளிக்குட்டி தாயிடம் பால் குடிக்கும் கட்டத்தை வரைந்தபோது, அதுவரை கல்லாகவே தெரிந்த உருவம் முதன்முறையாக மூச்சுவிட்டது.

முகபாவம் அடுத்த சிக்கலாக வந்தது. துதிக்கை வாயை மறைப்பதால், சிரிப்பும் அழுகையும் உதட்டில் தெரிய வழியில்லை. எனவே உணர்ச்சியைப் பிதுங்கிய கண்ணுக்கும், காதின் சாய்வுக்கும், துதிக்கை நுனியின் சுருளுக்கும் பகிர்ந்துகொடுத்தேன்: அச்சத்தில் சுருள் இறுகும், ஆர்வத்தில் அவிழும். எல்லாக் கோணங்களிலும் தலையை வரைந்த மாதிரித் தாள் ஒன்றை அருகில் வைத்துக்கொண்டபின், கட்டத்துக்குக் கட்டம் முகம் மாறுவது நின்றது. பிடரியின் சுருள்களைச் சிற்பத்தில் இருப்பதுபோல் நெருக்கமாக வரைந்தால் சிறிய கட்டங்களில் மை அடைத்துக்கொள்கிறது. அவற்றைச் சில பெரிய சுழிகளாகக் குறைத்தேன்.

சில யாளிகளின் வாயில் கல்லுருண்டை ஒன்று இருக்கும். அதே கல்லில் குடைந்து உருவாக்கியது. விரலால் உருட்டலாம், பற்களைத் தாண்டி வெளியே எடுக்க முடியாது. என் கதையில் தாய் யாளியின் வாயில் அந்த உருண்டை இருக்கிறது. ஆகையால் அவளுக்குப் பேச்சுக் குமிழே கிடையாது. குட்டி கேட்கும் கேள்விகளுக்கெல்லாம் உருண்டை எந்தப் பக்கம் உருள்கிறது என்பதுதான் பதில்.

இப்போது தூரிகையால் மை தீட்டிவருகிறேன். வண்ணம் சேர்ப்பதா, கருங்கல்லின் சாம்பல் நிறத்திலேயே முழு நூலையும் விடுவதா என்பதை வேட்டைக் காட்சியின் பக்கங்களை வரைந்து பார்த்தபின் முடிவு செய்வேன். இரத்தத்தைச் சாம்பல் நிறத்தில் காட்ட முடிந்தால் வண்ணம் தேவைப்படாது என்பதே இப்போதைய என் கணிப்பு.