வைரஸ் போய்விட்டது, விண்டோஸ் எழும்பவில்லை

ஆன்டிவைரஸ் பச்சை டிக் காட்டிவிட்டது. ரீஸ்டார்ட் செய்து பாஸ்வேர்ட் அடித்தால், வால்பேப்பர் ஒரு நொடி மின்னி மறைந்து, திரும்பவும் லாகின் திரையே வந்து நிற்கும். எத்தனை முறை அடித்தாலும் அதே கதை. சர்வீசுக்குக் கொண்டுபோனால் கேட்ட மாத்திரத்தில் ‘ஃபார்மட்’ என்பார்கள். பெரும்பாலும் தேவையே இல்லை.

லாகின் ஆனதும் விண்டோஸ் ஓட்டுகிற புரோகிராம் யூசர்இனிட். அது எங்கே இருக்கிறது என்ற விவரம், விண்டோஸ் தன் செட்டிங்குகளைச் சேமித்து வைக்கும் ரெஜிஸ்ட்ரியில், வின்லாகான் என்ற கீயில் (ஃபோல்டர் போன்ற பகுதி) இருக்கும். வைரஸ் அங்கே தன் ஃபைலின் பெயரை எழுதிவிடும். ஆன்டிவைரஸ் அந்த ஃபைலை அழித்துவிட்டு, எழுதியதை அப்படியே விட்டுவிட்டால், இல்லாத ஃபைலைத் தேடி விண்டோஸ் திரும்பி வந்துவிடுகிறது.

சரிசெய்ய, வைரஸ் படாத வேறொரு கம்ப்யூட்டரில் 8 ஜிபி பென் டிரைவில் விண்டோஸ் இன்ஸ்டாலரைத் தயார் செய்துகொள்ள வேண்டும். அதிலிருந்து பூட் செய்து, மொழி கேட்கும் திரையில் ஷிஃப்ட் + எஃப்10 அழுத்தினால் கமாண்ட் பிராம்ப்ட் வரும், அதில் ரெஜ்எடிட் (ரெஜிஸ்ட்ரியைத் திருத்தும் புரோகிராம்) என்று அடிக்க வேண்டும். பலர் சறுக்குவது இங்கேதான். கண்ணெதிரே திறப்பது பென் டிரைவில் ஓடும் விண்டோஸின் ரெஜிஸ்ட்ரி. அதில் என்ன மாற்றினாலும் ஹார்ட் டிஸ்க்குக்குப் போய்ச் சேராது. லோக்கல் மெஷினைத் தேர்ந்தெடுத்து, ஃபைல் மெனுவில் ‘லோட் ஹைவ்’ (ஹைவ் என்பது ரெஜிஸ்ட்ரி சேமித்திருக்கும் ஃபைல்) கொடுத்து, ஹார்ட் டிஸ்க்கின் விண்டோஸ் – சிஸ்டம்32 – கான்ஃபிக் ஃபோல்டரில் உள்ள ‘சாஃப்ட்வேர்’ ஃபைலைத் திறக்க வேண்டும். பெயர் கேட்டால் ‘பழசு’ என்று வைத்தால் போதும்.

அதற்குள் மைக்ரோசாஃப்ட் – விண்டோஸ் என்டி – கரன்ட்வெர்ஷன் – வின்லாகான். யூசர்இனிட்டின் மதிப்பு ‘சி:\விண்டோஸ்\சிஸ்டம்32\யூசர்இனிட்.எக்ஸ்இ,’ என்று இருக்க வேண்டும். கடைசியில் உள்ள கமா பிழையல்ல, அது விண்டோஸே வைப்பது. அதற்குப் பின்னால் வேறு பெயர் ஒட்டியிருந்தால் அதுதான் வைரஸின் வால். பென் டிரைவில் பூட் செய்தபோது ஹார்ட் டிஸ்க் ‘டி’ என்று தெரிந்தாலும் இங்கே ‘சி’ என்றே எழுத வேண்டும். டெஸ்க்டாப்பைத் திறக்கும் புரோகிராமைச் சொல்லும் ‘ஷெல்’ மதிப்பில் எக்ஸ்ப்ளோரர்.எக்ஸ்இ மட்டும் இருக்க வேண்டும். முடிந்ததும் ‘அன்லோட் ஹைவ்’ கொடுத்துவிட்டு வெளியேறவும். பிட்லாக்கர் (டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் விண்டோஸ் வசதி) போட்ட சிஸ்டம் என்றால் 48 இலக்க ரெக்கவரி கீ இல்லாமல் இதில் எதுவும் நடக்காது.

உள்ளே நுழைந்த பிறகு, வைரஸ் கெடுத்திருக்கக்கூடிய சிஸ்டம் ஃபைல்களைச் சரிசெய்ய வேண்டும். எல்லோரும் நேராக எஸ்எஃப்சி ஸ்கேன் (சிஸ்டம் ஃபைல்களைச் சோதித்துச் சரிசெய்யும் கமாண்ட்) ஓட்டுகிறார்கள். அது நல்ல பிரதியை வின்எஸ்எக்ஸ்எஸ் கிடங்கிலிருந்து எடுக்கிறது. கிடங்கே கெட்டிருந்தால் எதை எடுக்கும்? அதனால் அட்மினிஸ்ட்ரேட்டர் கமாண்ட் பிராம்ப்டில் முதலில் கிடங்கைச் சரிசெய்யும் டிஐஎஸ்எம்-இன் ரீஸ்டோர்ஹெல்த், பிறகு எஸ்எஃப்சி. டிஐஎஸ்எம் 62.3 சதவீதத்தில் வெகுநேரம் நின்றால் பதறி மூட வேண்டாம், ஓடிக்கொண்டுதான் இருக்கும். ‘சோர்ஸ் ஃபைல் கிடைக்கவில்லை’ என்று முடிந்தால், டிஐஎஸ்எம் நல்ல பிரதியை எடுக்கும் விண்டோஸ் அப்டேட் சர்வீஸை வைரஸ் நிறுத்தியிருக்கலாம். அதே வெர்ஷன் ஐஎஸ்ஓவில் (விண்டோஸ் இன்ஸ்டாலர் முழுவதும் அடங்கிய ஃபைல்) உள்ள இன்ஸ்டால் ஃபைலை சோர்ஸாகக் கொடுக்கலாம்.

சில்லறை வேலைகள்: டாஸ்க் மேனேஜர் ‘அட்மினிஸ்ட்ரேட்டர் தடுத்திருக்கிறார்’ என்றால் ரெஜிஸ்ட்ரியின் கரன்ட் யூசர் பாலிசிகளில் ‘டிஸேபிள்டாஸ்க்எம்ஜிஆர்’ஐ அழிக்கவும். ஆன்டிவைரஸ் தளங்கள் மட்டும் திறக்காவிட்டால் தளங்களை வேறு முகவரிக்குத் திருப்பக்கூடிய ஹோஸ்ட்ஸ் ஃபைலையும், இணையத்துக்கு இடைவழியான ப்ராக்ஸி செட்டிங்கையும் வைரஸ் மாற்றியிருக்கிறதா என்று பார்க்கவும். பென் டிரைவில் ஷார்ட்கட் மட்டும் தெரிந்தால் ஃபோல்டர்கள் எங்கும் போகவில்லை. வைரஸ் அவற்றை மறைத்திருக்கிறது, கூடவே சிஸ்டம் அட்ரிபியூட்டும் (சிஸ்டம் ஃபைல் என்ற அடையாளம்) சேர்ந்திருப்பதால் ப்ராபர்டீஸில் ‘ஹிடன்’ டிக்கை எடுக்க முடியாது. கமாண்ட் பிராம்ப்டில் அந்த டிரைவுக்குள் போய் ‘அட்ரிப் -எச் -ஆர் -எஸ் /எஸ் /டி’ கொடுத்தால் வெளியே வரும்.

இவ்வளவுக்குப் பிறகும் எஸ்எஃப்சி குறை சொன்னால், ஓடும் விண்டோஸுக்குள்ளிருந்தே ஐஎஸ்ஓவின் செட்டப்பை ஓட்டி ‘ஃபைல்களும் ஆப்களும் இருக்கட்டும்’ என்பதைத் தேர்ந்தெடுக்கலாம். பூட் செய்து வந்தால் அந்த வசதி கிடைக்காது. மொழியும் எடிஷனும் பொருந்தாவிட்டால் ஆப்களை வைத்துக்கொள்ள விடாது.

சாலிட்டி, வைரட் போல எக்ஸ்இ ஃபைல்களுக்குள்ளேயே புகும் வைரஸ் என்றால் மட்டும் இந்தப் பாடு வேண்டாம். டாகுமென்ட், போட்டோவை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு ஃபார்மட் அடிக்கலாம். பழைய செட்டப் ஃபைல் ஒன்றைக்கூடக் கூடவே கொண்டுவரக் கூடாது.