எடை மெஷினும் எங்கள் அணியும்

எங்கள் பழைய மாணவர் சங்க மலருக்கு ஏதாவது எழுதித் தரும்படி செயலாளர் கேட்டார். வென்ற கோப்பைகளைப் பற்றி எப்படியும் நாலு பேர் எழுதுவார்கள். நான் விளையாட்டு அறை மூலையில் இருந்த எடை மெஷினைப் பற்றி எழுதுகிறேன்.

மல்யுத்த அணிக்கு அது வைத்ததுதான் சட்டம். போட்டி நெருங்கினால், அவரவர் எடைப் பிரிவுக்குள் அடங்குவதற்காகத் தண்ணீரைக்கூடத் தொடமாட்டோம். சிலர் எச்சிலையும் விழுங்காமல் துப்பிக்கொண்டே திரிவார்கள். போட்டி முடிந்ததும் வயிறு முட்டத் தின்போம், அத்தோடு சரி.

ஒருவன் மட்டும் நிறுத்தவில்லை. சேர்ந்த புதிதில் அவனைக் 'குண்டன்' என்றுதான் கூப்பிட்டார்கள். எடை குறையக் குறையப் பாராட்டு கூடியது. "கட்டுப்பாடு என்றால் இவனைப் பாருங்கள்" என்று மாஸ்டரே சொன்னார். சாப்பாட்டு மேசையில் எல்லாருக்கும் அவன்தான் பரிமாறுவான். தன் தட்டில் இருப்பதைத் துண்டுதுண்டாக்கி ஓரத்துக்குத் தள்ளிவிடுவான். கொளுத்தும் வெயிலிலும் சட்டைக்கு மேல் சட்டை போடுவான். கணக்குக் கொப்பியின் பின்பக்கம் முழுக்கச் சமையல் குறிப்புகள்! அதைப் பார்த்து நாங்கள் சிரித்தோம்.

பின்னாளில் அமெரிக்காவில் நடந்த மினசோட்டா பரிசோதனையைப் பற்றிப் படித்தேன். 1944-45இல் ஆரோக்கியமான 36 இளைஞர்களுக்கு மாதக்கணக்கில் அரைவயிற்றுச் சாப்பாடுதான் கொடுத்தார்கள். அவர்களில் சிலரும் சமையல் புத்தகங்களைப் புரட்டத் தொடங்கினார்களாம். பட்டினி மூளையையும் பிடித்துக்கொள்கிறது. 'சாப்பிடேன்டா' என்று அதட்டினால் தீருகிற பிடிவாதமல்ல இது.

மைதானத்தில் மயங்கி விழுந்த பிறகுதான் அவனை வீட்டுக்கு அனுப்பினார்கள். இதயத்துடிப்பு ஆபத்தான அளவுக்குக் குறைந்திருந்ததாம். அப்போதும் அது அனோரெக்சியாவாக, அதாவது எடை கூடிவிடுமோ என்ற பயத்தில் சாப்பாட்டையே ஒதுக்கவைக்கும் மனநோயாக, இருக்கலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை. அது பெண்பிள்ளைகளின் நோய் என்றுதான் நினைப்பு. இத்தனைக்கும் 1689இலேயே ரிச்சர்ட் மோர்ட்டன் என்ற மருத்துவர் எழுதிவைத்த இரண்டு நோயாளிகளில் ஒருவன் பதினாறு வயதுப் பையன். ஆனால் அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேட்டில் 2013 வரை மாதவிடாய் நின்றிருப்பதும் ஓர் அடையாளமாக இருந்தது. பையனிடம் அதை எங்கே போய்த் தேடுவது?

இப்போதைய பையன்களில் பலருக்கு மெலிவதைவிடப் புஜம் புடைப்பதுதான் கவலை. எவ்வளவு புடைத்தாலும் கண்ணாடியில் நோஞ்சானாகவே தெரிவதும் நோய்தான்.

நண்பன் தேறிவிட்டான், வருடங்கள் பிடித்தன. அவனைக் கேட்டுத்தான் இதை எழுதுகிறேன். சங்கம் புதிய உடற்பயிற்சிக் கூடத்துக்கு நிதி சேர்க்கிறது. என் பங்கையும் அனுப்பிவிட்டேன். இந்த அறிகுறிகளைப் பயிற்றுநர்களுக்குச் சொல்லிக்கொடுக்க அதில் ஒரு பகுதியை ஒதுக்கும்படி செயலாளரிடம் கேட்டிருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை.