மாயாற்றுப் பாறுகளும் காலியாக விட்ட கட்டங்களும்

பிணந்தின்னிக் கழுகு என்று பலரும் சொல்லும் பாறுகளின் கணக்கெடுப்புக்குப் போகும் தன்னார்வலர்களிடம் தரப்படும் தாளில் நேரம், பறவை வந்த திசை, போன திசை, இனம், வளர்ந்ததா இளையதா, எத்தனை என்று கட்டங்கள் இருக்கும். முதன்முறையாக நான் நீலகிரி மாவட்டத்தில் மாயாற்றுப் பள்ளத்தாக்கை ஒட்டிய சீகூர்ப் பீடபூமியில் ஒரு பாறை முனையில் உட்கார்ந்த அன்று, காலை ஏழு மணியிலிருந்து ஒன்பதரை வரை வானத்தில் ஒன்றும் வராததால் அந்த நேரத்துக்குரிய வரிகளை வெறுமனே விட்டிருந்தேன். உடன் இருந்த வேட்டைத் தடுப்புக் காவலர் தாளை எட்டிப் பார்த்துவிட்டு, “ஏன் சார் காலியா விட்டிருக்கீங்க? பூச்சியம் போடுங்க. இல்லேன்னா நாம இங்க உட்கார்ந்திருந்தமா இல்லையான்னே தெரியாமப் போயிடும்” என்றார். பல ஆண்டுகளாக இந்தக் காட்டில் நடந்து பழகிய அவருக்கு, பார்த்தும் காணாததற்கும் பார்க்காமலே விட்டதற்கும் உள்ள வேறுபாட்டை யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

ஒன்பது நாற்பதுக்கு வெயில் ஏறிப் பாறை சூடானதும், பள்ளத்தாக்கிலிருந்து வெப்பக் காற்று மேலெழும்பத் தொடங்கியது. பாறு கனத்த பறவை. இந்தக் காற்று எழும்பும் வரை அது பெரும்பாலும் மரத்தைவிட்டு நகராது. தொலைவில் ஒரு புள்ளி வட்டமிட்டு உயர்ந்தபோது நான் பருந்து என்று நினைத்தேன். “பருந்து இல்ல சார், சிறகு அடிக்கவே இல்ல பாருங்க” என்றார் காவலர். அது திரும்பியபோது சிறகின் அடிப்புறத்தின் முன்பாதி வெள்ளையாகவும் பின்பாதி கறுப்பாகவும் தெரிந்தது. வெண்முதுகுப் பாறு. நேரத்தையும் திசையையும் எழுதும்போது கை நடுங்கியது என்று சொன்னால் அது மிகையில்லை.

இந்தப் பறவையை ஒரு காலத்தில் யாரும் எண்ணத் தேவையிருக்கவில்லை. இந்தியாவில் எந்த ஊரின் புறத்தே மாடு செத்துக் கிடந்தாலும் அங்கே கூட்டமாக இறங்கிய பறவை அது. ராஜஸ்தானின் கேவலாதேவ் தேசியப் பூங்காவில் மட்டும் 1980-களின் பிற்பகுதியில் 350-ஐ ஒட்டிய இணைகள் கூடு கட்டின. பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்குள் அந்தக் கூடுகள் வெறுமையாயின. பாம்பே இயற்கை வரலாற்றுக் கழகத்தின் விபு பிரகாஷ் அங்கே தொடர்ந்து பார்த்து எழுதிவைத்திருந்ததால்தான் இந்தச் சரிவு முதலில் வெளியே தெரிந்தது. அதைவிட முக்கியமானது, 1990-களின் தொடக்கத்தில் அதே கழகத்தினர் இரைகொல்லிப் பறவைகளைப் பற்றி அறிவதற்காக வட இந்தியச் சாலைகளில் வண்டியில் சென்று, வழியில் கண்ட பாறுகளையும் சேர்த்து எண்ணி வைத்திருந்தது. அப்போது பாறுகளுக்கு ஆபத்து என்று யாரும் நினைத்திருக்கவில்லை. 2000-ஆம் ஆண்டில் அதே வழிகளில் மறுபடியும் சென்றார்கள். அதன் பிறகும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை சென்றார்கள். 1992-க்கும் 2007-க்கும் இடையில் வெண்முதுகுப் பாறுகள் 99.9 விழுக்காடு குறைந்துவிட்டன என்று நாம் இன்று உறுதியாகச் சொல்கிறோம் என்றால், ஆபத்தில்லாத காலத்தில் எடுக்கப்பட்ட அந்தப் பழைய கணக்கு கையில் இருப்பதே காரணம். அது இல்லாதிருந்தால் “முன்பெல்லாம் நிறைய இருந்தன” என்ற பெரியவர்களின் நினைவு மட்டுமே மிஞ்சியிருக்கும். நினைவை வைத்து ஒரு மருந்தைத் தடைசெய்ய எந்த அரசும் முன்வராது.

காரணம் நோயாக இருக்கலாம் என்றுதான் முதலில் தேடினார்கள். பாகிஸ்தானின் பஞ்சாபில் இறந்த பாறுகளை அறுத்துப் பார்த்த லிண்ட்சே ஓக்ஸ் குழுவினர், சிறுநீரகம் செயலிழந்து உள்ளுறுப்புகளின் மேல் சுண்ணாம்பு பூசியது போல யூரிக் அமிலம் படிந்திருப்பதைக் கண்டார்கள். மாடுகளுக்கு வலிக்கும் வீக்கத்துக்கும் போடப்பட்ட டைக்ளோஃபெனாக் ஊசிமருந்தே காரணம் என்பதை 2004-இல் வெளியிட்டார்கள். ஊசி போட்டு ஓரிரு நாளில் செத்த மாட்டைத் தின்ற பாறு சில நாட்களில் இறந்துவிடும். இதில் பலரும் நம்பத் தயங்கிய செய்தி ஒன்று உண்டு. நூறு சடலங்களில் ஒன்றுக்கும் குறைவானதில் கொல்லும் அளவுக்கு மருந்து இருந்தாலே, இவ்வளவு பெரிய வீழ்ச்சிக்கு அது போதும் என்று கணக்கு காட்டியது. ஒரு சடலத்தில் பல பத்துப் பறவைகள் சேர்ந்து தின்னும். பாறு ஆண்டுக்கு ஒரே ஒரு முட்டை இடும். குஞ்சு வளர்ந்து இனப்பெருக்கம் செய்ய ஏறக்குறைய ஐந்து ஆண்டுகள் ஆகும். இழப்பை ஈடுகட்டும் வேகம் அந்தப் பறவைக்கு இயல்பிலேயே கிடையாது.

கால்நடைகளுக்கு டைக்ளோஃபெனாக் 2006-இல் தடைசெய்யப்பட்டது. அதற்கு மாற்றான மெலாக்சிகாம் என்ற வலிமருந்து பாறுகளுக்குத் தீங்கற்றது என்பதும் அதே ஆண்டில் நிறுவப்பட்டது. ஆனால் மனிதர்களுக்கான பெரிய குப்பிகள் மாட்டுக்குப் போய்ச்சேர்ந்துகொண்டே இருந்தன. அந்தக் குப்பியின் அளவை 3 மில்லி லிட்டராகக் குறைக்க 2015 வரை ஆனது. பாறுகளைக் கொல்லும் வேறு வலிமருந்துகளான கீட்டோபுரோஃபென், அசிக்ளோஃபெனாக் ஆகியவற்றுக்கு 2023-இல்தான் தடை வந்தது. ஒவ்வொரு மருந்துக்கும் தனித்தனியே சான்று தேடி, தனித்தனியே போராட வேண்டியிருந்ததில் கழிந்த ஆண்டுகளை நினைத்தால் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. புதிதாகக் கால்நடைச் சந்தைக்கு வரும் வலிமருந்து பாறுக்குத் தீங்கற்றது என்று காட்டிய பிறகே அனுமதி என்ற முறை இருந்திருக்க வேண்டும்.

தமிழ்நாட்டில் பாறுகள் கூடு கட்டி வாழும் இடம் இன்று பெரும்பாலும் மாயாற்றுப் பள்ளத்தாக்கு மட்டுமே. திருக்கழுக்குன்றத்தில் நண்பகல் உணவுக்கு வந்துகொண்டிருந்த மஞ்சள்முகப் பாறுகள் தொண்ணூறுகளுக்குப் பிறகு வருவதில்லை. சங்கப் பாட்டில் எருவை என்றும் பாறு என்றும் பேர் பெற்ற பறவைகளைப் பிணந்தின்னிக் கழுகு என்று மட்டும் அறிந்த தலைமுறையில் நாம் இருக்கிறோம். முதுமலை, சத்தியமங்கலம், பந்திப்பூர், வயநாடு ஆகிய காடுகள் ஒன்றோடொன்று தொட்டுக்கொண்டிருப்பதால், புலியும் செந்நாயும் அடித்த கடமானும் புள்ளிமானும் காட்டெருதும் இங்கே மருந்து கலக்காத உணவாகக் கிடைக்கின்றன. அதனால் பாலூட்டிகளின் கணக்கையும் பாறுகளின் கணக்கையும் பிரித்துப் பார்க்கக் கூடாது என்பது என் கருத்து. ஆற்றங்கரையில் உயர்ந்து நிற்கும் நீர்மருது மரங்களில் வெண்முதுகுப் பாறும், செங்குத்தான பாறை விளிம்புகளில் கருங்கழுத்துப் பாறும் கூடு கட்டுகின்றன. செம்முகப் பாறு தனித்து வாழும் இயல்புடையது. அதைக் காண்பதும் எண்ணுவதும் இன்னும் கடினம். காட்டோரத்தில் மாட்டை அடித்த புலியைப் பழிவாங்க யாராவது சடலத்தில் நஞ்சு வைத்துவிட்டால், ஒரே நாளில் பல ஆண்டுகளின் குஞ்சுகள் போய்விடும். பட்டிக்காரர்களிடம் போய் இதைப் பேசும் வேலையை அருளகம் போன்ற அமைப்புகள் செய்கின்றன.

2023 பிப்ரவரியில் தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம் மூன்றும் சேர்ந்து ஒரே நேரத்தில் நடத்திய கணக்கெடுப்பில் 246 பாறுகளும், அதே ஆண்டு டிசம்பர் இறுதியில் நடந்த அடுத்த கணக்கெடுப்பில் 320 பாறுகளும் பதிவாயின. பத்தே மாதத்தில் 74 கூடிவிட்டன என்று மகிழ்வதை நான் ஏற்கவில்லை. இணைக்கு ஆண்டுக்கு ஒரு முட்டை என்னும்போது அத்தனை பறவைகள் பிறந்திருக்க முடியாது. மாதம் மாறியது, மாதத்தோடு பறவைகள் கூடும் இடமும் மாறும். பார்வையாளர்களுக்கும் பழக்கம் கூடியிருக்கும். இந்த எண்கள் “குறைந்தது இத்தனை உண்டு” என்று மட்டுமே சொல்கின்றன. அதே முனைகளில், அதே மாதத்தில், அதே நேர அளவில் பத்தாண்டுகள் எடுத்தால்தான் ஏற்றமா இறக்கமா என்று சொல்ல முடியும். ஒரே நேரத்தில் எல்லா முனைகளிலும் எண்ணுவதற்குக் காரணமும் எளியது. பாறு ஒரே நாளில் நூறு கிலோமீட்டர் பறக்கக்கூடியது. வெவ்வேறு நாட்களில் எண்ணினால் ஒரே பறவை இரண்டு மாநிலங்களின் கணக்கிலும் ஏறிவிடும்.

நான் போன அந்த முறை, மாலையில் எல்லா முனைகளின் தாள்களையும் ஒரு வகுப்பறைத் தரையில் பரப்பி வைத்து, நேரத்தையும் திசையையும் ஒப்பிட்டு ஒரே பறவையின் பதிவுகளை நீக்கினார்கள். நான் நடுங்கும் கையால் எழுதிய ஒன்பது நாற்பது பாறு, அதற்குப் பதினொரு நிமிடம் முன்பே கிழக்கு முனையில் பதிவாகியிருந்தது. இறகு ஒன்று உதிர்ந்திருந்த இடமும் பொருந்தியது. என் வரியின் மேல் பென்சிலால் ஒரு கோடு இழுத்தார்கள். அன்று காலை ஏழு முதல் ஒன்பதரை வரை எழுதிய ஐந்து பூச்சியங்களும் அப்படியே கணக்கில் ஏறின.